அட்டையில் எத்தனை பேர்?

1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடியது. யு.என். தேபர் தலைமை தாங்கினார். நேரு வந்திருந்தார். ‘சோஷலிச பாணி சமுதாயம்’ அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அரசுத் தேர்வுக்குப் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் ‘ஆவடித் தீர்மானம்’ என்று சொல்வார்கள். ஆவடி என்கிற ஊர் இந்திய வரலாற்றுப் புத்தகத்துக்குள் நுழைந்தது அந்த ஒரு வரியால்தான்.

அதே ஜனவரியில் கோயம்புத்தூரில் இன்னொரு விஷயம் நடந்தது. அதை யாரும் தேர்வில் கேட்பதில்லை. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம், அதாவது நாம் இஎஸ்ஐ என்று சொல்வது, தமிழ்நாட்டில் முதன்முதலாக அங்கேதான் தொடங்கியது. அடுத்து சென்னைக்கு வந்தது. ஆவடியில் பேசியது பெரிய கனவு. கோவையில் தொடங்கியது சம்பளத்தில் பிடித்தம் போட்டு மாத்திரை கொடுக்கிற ஏற்பாடு. இன்றைக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு டீக்கடையில் நின்று ஆவடித் தீர்மானம் பற்றிக் கேட்டால் முழிப்பார்கள். இஎஸ்ஐ பற்றிக் கேட்டால் பத்து பேர் பத்துக் கதை சொல்வார்கள். அதில் ஏழு கதை புகாராகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்வார்கள்.

சென்னையின் மேற்குப் புறநகர், அதாவது பாடியில் தொடங்கி அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், தெற்கே இறங்கினால் பூந்தமல்லி, வேலைக்காக வந்தவர்கள் கட்டிய ஊர். பழைய கிராமத்துக் குடிகள் இல்லாமல் இல்லை. ஆனால் தெருவில் பத்து வீட்டில் எட்டு வீடு எங்கிருந்தோ வந்ததாக இருக்கும். முதலில் ஒருவர் வருவார். மேன்ஷனிலோ நாலு பேரோடு பங்கு போட்ட அறையிலோ தங்குவார். வேலை நிரந்தரமானதும் மனைவி, பிள்ளைகள். அப்பா காலமானபிறகோ அம்மாவுக்குக் கண் மங்கியபிறகோ ஊரிலிருக்கும் பெரியவர்கள். மருத்துவப் பாதுகாப்பும் கிட்டத்தட்ட இதே வரிசையில்தான் வந்திருக்கிறது: முதலில் வேலை செய்கிறவருக்கு, வெகு தாமதமாகக் குடும்பத்துக்கு. குடும்பம் என்றால் யார் என்பதை ஒவ்வொரு முறையும் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இதில் மிகப் பழைய உதாரணம் பூந்தமல்லி. கம்பெனி காலத்தில் அங்கே ஒரு கண்டோன்மென்ட் இருந்தது. கப்பலில் வந்திறங்கும் ஐரோப்பியச் சிப்பாய்கள் தங்கவும், நோயில் விழுந்தவர்கள் உடம்பு தேறவும் அந்த இடத்தைப் பயன்படுத்தினார்கள். அதாவது இந்தப் பகுதியில் ‘வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு முதலாளி பொறுப்பில் வைத்தியம்’ என்ற ஏற்பாட்டுக்கு இருநூறு வருடப் பழக்கம் உண்டு. அந்தச் சிப்பாய்களின் குடும்பங்களை பிரிட்டிஷ் ராணுவம் எப்படி நடத்தியது தெரியுமா? நூறு சிப்பாய்க்கு இத்தனை மனைவிமார் என்று ஒரு கோட்டா. வழக்கமாக ஆறு, இந்தியா மாதிரி தூர தேசம் என்றால் பன்னிரண்டு. கணக்கில் ஏற்கப்பட்ட மனைவிக்குத்தான் அரை ரேஷன், தங்க இடம், ராணுவ டாக்டர். யார் கணக்கில் ஏறுவது, யார் துறைமுகத்தோடு நிற்பது என்று சீட்டுக் குலுக்கிப் போட்ட காலம் உண்டு. மற்ற மனைவிகள் இருந்தார்கள், பிள்ளை பெற்றார்கள், காய்ச்சலில் படுத்தார்கள். கணக்கில் மட்டும் இல்லை.

கொடுமையாகத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பின்னால் வந்த நவீன ஏற்பாடுகளைப் பார்த்தால் கோட்டாதான் போயிருக்கிறதே தவிர, அந்தக் கணக்கு நோட்டு போகவில்லை என்று தோன்றுகிறது.

1883இல் பிஸ்மார்க் ஜெர்மனியில் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். 1911இல் லாயிட் ஜார்ஜ் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் சட்டத்தில் வைத்தியம் வேலை செய்கிறவருக்கு மட்டும். மனைவிக்குப் பிரசவத்துக்கென்று ஒரு தொகை உண்டு; அதைத் தாண்டி அவளுக்கோ குழந்தைக்கோ எதுவும் கிடையாது. வேலைக்குப் போகிறவன் படுத்தால் உற்பத்தி கெடும், வீட்டில் இருப்பவள் படுத்தால் எதுவும் கெடாது. சட்டத்தில் இப்படி எழுதியிருக்கவில்லை. ஆனால் கணக்கு அதுதான்.

இந்தியாவில் இதற்கான வரைவைத் தயாரித்தவர் பேராசிரியர் பி.பி. அதார்க்கர். 1944இல் அறிக்கை கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, 1946இல், போர் கமிட்டி அறிக்கை வந்தது. அதில் நம்மூர் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினர். காசு கொடுக்க முடியவில்லை என்பதற்காக யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது, அரசே எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது போர் கமிட்டியின் பார்வை. ஆக, சுதந்திரத்துக்கு முன்னாலேயே மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று எல்லோருக்குமானது, இன்னொன்று ஆலைத் தொழிலாளிக்கு மட்டும்.

1948 ஏப்ரலில் இஎஸ்ஐ சட்டம் நிறைவேறியது. அதே 1948 ஜூலையில் பிரிட்டன் தன் பழைய தொழிலாளர் காப்பீட்டு முறையைக் கைவிட்டு, குடிமக்கள் எல்லோருக்குமான தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது. அவர்கள் கழற்றிப் போட்ட சட்டையை அதே வருடம் நாம் தைத்துப் போட்டுக்கொண்டோம். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. புதிதாகப் பிறந்த, பிரிவினையில் ரத்தம் சிந்திக்கொண்டிருந்த ஏழை நாடு எல்லோருக்கும் ஆஸ்பத்திரி கட்டக் காசுக்கு எங்கே போகும்? ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளச் சீட்டு இருக்கிறது, பிடித்தம் செய்யலாம், எண்ணிப் பார்க்கலாம். முடிகிற இடத்தில் தொடங்கினார்கள். தொடங்கிய இடத்திலேயே ரொம்ப நாள் நின்றுவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அன்றைக்கு வைத்தியம் தொழிலாளிக்கு மட்டும்தான். சட்டத்தில் ஒரு வாசல் மட்டும் திறந்து வைத்திருந்தார்கள்: மாநில அரசு கேட்டுக்கொண்டால் குடும்பத்துக்கும் நீட்டிக்கலாம் என்று. 1958க்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அந்த வாசல் திறந்தது, அதுவும் பாதி பாதியாக. குடும்ப வைத்தியத்தில் மூன்று தரம் வைத்திருந்தார்கள். முதல் தரம், டிஸ்பென்சரியில் டாக்டரைப் பார்க்கலாம், மருந்து வாங்கலாம், அவ்வளவுதான். இரண்டாவது, கூடுதலாக சிறப்பு மருத்துவரைப் பார்க்கலாம். மூன்றாவது தரத்தில்தான் ஆஸ்பத்திரியில் படுக்கை. முதல் தரம் மட்டும் இருந்த இடத்தில் தொழிலாளிக்கு டைபாய்டு வந்தால் இஎஸ்ஐ கட்டில். அதே வீட்டில், அதே தண்ணீரைக் குடித்த மனைவிக்கு வந்தால் மருந்துச் சீட்டு.

சென்னையின் மேற்குப் புறநகர் ஆலைப் பகுதியானதும் இதே காலத்தில்தான். டிஐ சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கி அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள் செய்தது. ஐம்பதுகளின் கடைசியில் டன்லப் டயர் ஆலை. அறுபதுகளில் பாடியில் டிவிஎஸ் குழுமத்தின் ஆலைகள் வரிசையாக. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதே அறுபதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டை. வடஆற்காடு, செங்கல்பட்டு கிராமங்களிலிருந்தும், தெற்கேயிருந்தும், கேரளத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். காலை ஷிப்டுக்கு ரயில் நிறைய டிபன் பாக்ஸ்.

வந்தவர்களில் யாருக்கு என்ன வைத்தியம் என்பது எந்த கேட்டுக்குள் நுழைந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஆவடி டாங்கி ஃபேக்டரி என்றால் மத்திய அரசு வேலை. குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், சொந்த ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே சுவருக்குள். மனைவி பிள்ளைகளோடு, சம்பாத்தியம் இல்லாத அம்மா அப்பாவையும் காட்டலாம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். “எங்க அம்மாவ ஊர்லருந்து கூட்டிட்டு வந்ததே ஃபேக்டரி ஆஸ்பத்திரி இருக்குன்னுதான் தம்பி. இல்லன்னா அது வந்திருக்காது, நானும் கூப்ட்ருக்க மாட்டேன்” என்றார். ஒரு குடும்பம் ஊர் மாறுவதற்கு வைத்தியமே காரணமாக இருந்திருக்கிறது. வீடு, பள்ளிக்கூடம், தண்ணீர் எல்லாவற்றையும் பற்றிப் புலம்பெயர்வு ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். அம்மாவின் முட்டிவலியைப் பற்றி யாராவது எழுதினால் தேவலை.

தனியார் ஆலைகளில் பெரிய முதலாளிகள் சிலர் தாங்களே ஆஸ்பத்திரி கட்டினார்கள். முருகப்பா குழுமம் 1966இல் அம்பத்தூரில் ஒன்றைத் தொடங்கியது: சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை. பெயரைப் பார்த்து ஏதோ மிஷனரி டாக்டர் என்று நான் பல நாள் நினைத்திருந்தேன். ஸ்டெட்ஃபோர்ட் டாக்டரே இல்லை. சைக்கிள் கம்பெனியின் இங்கிலாந்துக் கூட்டாளியான டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் தலைவர். ஆனால் அந்த ஆஸ்பத்திரிக்குள் போக சைக்கிள் கம்பெனி ஆளாக இருக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து ஜனங்கள் எல்லோரும் போனார்கள். இன்றும் போகிறார்கள். அறுபது வருடமாக அம்பத்தூர்க்காரர்கள் வாயில் அந்த ஆங்கிலேயர் பெயர் உருண்டு உருண்டு ‘ஸ்டெட்போர்டு’ ஆகி நிலைத்துவிட்டது.

மற்றவர்களுக்கு, அதாவது தொழிற்பேட்டையின் லேத் பட்டறை, ஃபவுண்டரி, பிரஸ் ஷாப் ஆட்களுக்கு, இஎஸ்ஐ. உள்ளூர் டிஸ்பென்சரி, முடியாவிட்டால் அயனாவரம் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி. மின்சாரத்தில் இயங்குகிற, இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஆலை என்பதுதான் ஆரம்ப விதி. பத்தொன்பது பேரோடு நிறுத்திக்கொண்ட பட்டறைகளும் உண்டு.

இஎஸ்ஐ-யைத் திட்டுவது எங்கள் பக்கத்துப் பொழுதுபோக்கு. வரிசை, ‘மருந்து இல்ல, வெளிய வாங்கிக்கோ’, ரெஃபரல் சீட்டுக்கு அலைச்சல். எல்லாம் உண்மை. ஆனால் ஒரு மென்பொருள்காரனாக அதன் விதிகளை உட்கார்ந்து படித்தபோது எனக்கு மரியாதை வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே வைத்தியம் உண்டு. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, நெஞ்சில் ஸ்டென்ட் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இவ்வளவு ரூபாய்க்குத்தான் வைத்தியம் என்று உச்சவரம்பும் இல்லை. 2019 ஜூலையிலிருந்து பிடித்தம் தொழிலாளியிடம் முக்கால் சதவீதம், முதலாளியிடம் மூன்றேகால். இருபதாயிரம் சம்பளக்காரர் மாதம் நூற்றைம்பது ரூபாய் கட்டி, மனைவி, பிள்ளைகள், வருமானமில்லாத பெற்றோர் எல்லோரையும் உள்ளே வைக்கலாம். சந்தையில் இந்த விலைக்கு இப்படி ஒரு பாலிசி கிடைக்காது. அறுபது வயது அம்மா ஒருவருக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.

பிரச்சினை, மேலே இருக்கும் சம்பளக் கோடு. 1948 சட்டத்தில் மாதம் 400 ரூபாய். அதற்குமேல் வாங்கினால் நீங்கள் வசதியானவர், உங்களைப் பார்த்துக்கொள்ள உங்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். 1966இல் 500, 1975இல் 1,000, 1985இல் 1,600, 1992இல் 3,000, 1997இல் 6,500, 2004இல் 7,500, 2006இல் 10,000, 2010இல் 15,000, 2017 ஜனவரியில் 21,000. விலைவாசி தினமும் நடக்கும். கோடு சில வருடத்துக்கு ஒருமுறை தூக்கம் கலைந்து எழுந்து ஓடும். 2017க்குப் பிறகு மறுபடி நீண்ட தூக்கம்.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று கட்டணம் கட்டும் பருவம் இரண்டு. பருவத்தின் நடுவில் சம்பளம் ஏறினாலும் அந்தப் பருவம் முடியும்வரை நீங்கள் உள்ளேதான். பலன் அனுபவிக்கும் பருவம் மூன்று மாதம் தள்ளித் தொடங்கும். அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்கு ஜூலை–டிசம்பரில் பலன். ஆக, ஏப்ரலில் இன்கிரிமென்ட் வாங்கி வெளியேறுகிறவருக்கு டிசம்பர் 31 வரை வைத்தியம் தொடரும். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இந்த அமைப்பு பிடிக்கும். வெட்டி விடாமல் மெதுவாக இறக்கிவிடுகிறது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஜனவரி 1 விடியும்போது வெளியே வருவது அவர் மட்டுமில்லை. இரண்டாயிரம் ரூபாய் இன்கிரிமென்ட் அவருக்கு. டயாலிசிஸ் அவர் அப்பாவுக்கு. எஸ்டேட்டில் ஹெச்ஆர் வேலை பார்க்கும் நண்பன் சொன்னான், அடிப்படைச் சம்பளத்தைக் கோட்டுக்குக் கீழேயே வைத்து மிச்சத்தை ஓவர்டைமில் கொடுங்கள் சார் என்று தொழிலாளிகளே வந்து கேட்பார்களாம். ஓவர்டைம் பணம் கோட்டுக் கணக்கில் சேராது, பிடித்தம் மட்டும் அதிலும் உண்டு. சட்டத்தை நம்மைவிட அவர்கள் நன்றாகப் படித்திருக்கிறார்கள்.

ஓய்வுபெற்றவர்களுக்கு இன்னொரு விதி இருக்கிறது. ஐந்து வருடமாவது இஎஸ்ஐ-யில் இருந்து ஓய்வுபெற்றால் வருடத்துக்கு 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவரும் வைத்தியத்தைத் தொடரலாம். அச்சுப்பிழை இல்லை, 120 ரூபாய்தான். ஆனால் ஓய்வுபெறும்போது உள்ளே இருக்க வேண்டும். முப்பது வருடம் கட்டிவிட்டு, கடைசி சில வருடம் சம்பளம் ஏறிக் கோட்டைத் தாண்டியவருக்கு இது கிடையாது என்று இருந்தது. 2024இல்தான் இதைத் தளர்த்த முடிவெடுத்தார்கள். ஆலையே மூடிவிட்டால்? டன்லப் மூடுவதும் திறப்பதுமாக இருந்து கடைசியில் மூடியே போனது. மூடிய கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் பாக்கியில் சம்பளம், கிராஜுவிட்டி எல்லாம் எழுதியிருக்கும். வீட்டிலிருந்த பிரஷர் மாத்திரையை எந்தக் கணக்கில் எழுதுவது?

எண்பதுகளில் இன்னொரு பாதை திறந்தது. 1986இல் பொதுத்துறை இன்சூரன்ஸ் நிறுவனங்கள் மெடிக்ளைம் பாலிசியைக் கொண்டுவந்தன. கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கான ஏற்பாடு. 1999 சட்டத்துக்குப் பிறகு தனியார் வந்தார்கள். மருத்துவக் காப்பீட்டை மட்டுமே செய்யும் நாட்டின் முதல் கம்பெனி, ஸ்டார் ஹெல்த், 2006இல் சென்னையில்தான் தொடங்கியது. அதே காலத்தில் அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய ஆலை மனைகளில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. சைக்கிள் செயின் வாசனை வந்த தெருவில் கழுத்தில் அட்டை மாட்டிய எங்கள் கூட்டம் வந்தது.

எங்களுக்கு கம்பெனி குரூப் பாலிசி. பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு ஆவடிக்கு வீடு மாற்றி வந்து, புது கம்பெனியில் சேர்ந்த வாரம் ஒரு படிவம் வந்தது. சார்ந்தவர்கள் யார்? மனைவி, இரண்டு பிள்ளைகள்வரை, அப்புறம் ‘பெற்றோர்’ அல்லது ‘மனைவியின் பெற்றோர்’. இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யும் வட்டப் பொத்தான். ஒன்றை அழுத்தினால் மற்றது அணைந்துவிடும். என் அம்மாவையும் அவளுடைய அம்மாவையும் சேர்க்க முடியாது. கலந்து கட்டக் கூடாது. யாரோ ஒரு டெவலப்பர் இதைச் சதுரப் பெட்டியாகப் போடாமல் வட்டப் பொத்தானாகப் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் என் புத்தி போனது. மனைவி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “ரெண்டு அம்மாவுக்கும் சுகர்தான். யாரோட சுகர் பெருசுன்னு கேக்குதா இது?” என்றாள். என் அப்பா மாநில அரசு ஓய்வூதியர், ஓய்வூதியர்களுக்கான காப்பீடு அவர்கள் இருவருக்கும் இருக்கிறது. அதனால் அவளுடைய பெற்றோரை அழுத்தினோம். அப்படி ஒரு அட்டை இல்லாத வீட்டில் அன்றைக்கு ராத்திரி என்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

அரசாங்கமும் இந்தப் பொத்தானோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இஎஸ்ஐ சட்டத்தின் குடும்ப வரையறையில் சார்ந்திருக்கும் பெற்றோர் இருந்தார்கள், மாமனார் மாமியார் இல்லை. 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் முதன்முறையாக அவர்களைச் சேர்த்தார்கள், பெண் தொழிலாளியின் மாமனார் மாமியாரை மட்டும். மருமகள் கவனிப்பாள், மருமகன் எதற்கு என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கக் கூடும். அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் தையல் மெஷின் ஓட்டும் பெண்களுக்கு இது உதவும்தான். அவர்களுடைய சம்பளம் கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

கம்பெனி பாலிசி வேலையோடு போய்விடும். தனியாக ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லி எல்லோரும் அறிவுரை சொல்வார்கள், நானும் சொல்கிறேன். அதிலும் ஊர் மாறுவது ஒரு விவகாரம். பல பாலிசிகளில் பெருநகரத்துக்கு ஒரு பிரீமியம், சிறிய ஊருக்கு ஒன்று. பின்கோடுதான் கணக்கு. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போனது, 2018இல் சென்னை மாவட்டத்துக்குள். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி, மாவட்டம் இன்னும் திருவள்ளூர். ஆனால் அஞ்சல் துறை இந்த ஊர்களுக்கெல்லாம் 600 போட்டதால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எல்லாம் சென்னைதான். சென்னைக்காரர்கள் எங்களைச் சென்னை என்று ஒப்புக்கொள்ளும் ஒரே இடம் இந்த பிரீமியக் கணக்கு.

முன்பே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் இருக்கும். நான்கு வருடம்வரை இருந்ததை 2024இல் மூன்றாகக் குறைத்தார்கள். 2011இலிருந்து ஒரு கம்பெனியில் காத்திருந்த வருடங்களை இன்னொரு கம்பெனிக்கு எடுத்துக்கொண்டு போக வழியிருக்கிறது. நல்ல விதி. ஆனால் பெற்றோர் ஊரிலிருந்து நிரந்தரமாக வருவது எப்போது? ஏதாவது முடியாமல் போனபிறகு. அதாவது காத்திருக்கவே முடியாத நேரத்தில்.

கோட்டுக்குக் கீழே, சம்பளச் சீட்டே இல்லாதவர்களுக்கான பாதை 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது. 2012 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சியில் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டமானது. பெயர் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான்: வேலை தேவையில்லை, ரேஷன் அட்டையும் வருமானச் சான்றும் போதும். வரம்பு வருடத்துக்கு 72,000 என்றிருந்து பிறகு 1,20,000 ஆனது. ஆலை கேட்டிலிருந்து வைத்தியத்தை விடுவித்து வீட்டுக்குக் கொண்டுவந்த விதத்தில் இது பெரிய தாவல். திருநெல்வேலி அட்டையை வைத்துக்கொண்டு சென்னையில் ஆபரேஷன் செய்துகொள்ளலாம். ஆனால் இங்கே குடும்பம் என்பது ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர்கள். கல்யாணமாகி ஆவடிக்கு வந்த மகன் புது அட்டை வாங்க அப்பாவின் அட்டையிலிருந்து தன் பெயரை நீக்க வேண்டும். அப்புறம் அம்மா அவனோடு ஒரே வீட்டில் படுத்திருந்தாலும் காகிதத்தில் வேறு குடும்பம்.

இப்போது அம்பத்தூர் பட்டறைகளில் லேத்தின் முன்னால் நிற்பவர்களில் நிறையப் பேர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளப் பையன்கள். 1960இல் காட்பாடியிலிருந்து வந்தவர் நின்ற அதே இடம். தமிழ்நாட்டுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்குமேல் இங்கே இருக்கும் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இடம் உண்டு, உரிய அதிகாரி சான்று கொடுத்தால். அந்தச் சான்றை வாங்க ஒரு நாள் கூலியை விட வேண்டும், இன்னார் இங்கே வேலை செய்கிறார் என்று கான்ட்ராக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும். மத்திய அரசின் 2018 ஆயுஷ்மான் திட்ட அட்டை மாநிலம் தாண்டியும் செல்லும். ஆனால் மேற்கு வங்காளம் தொடங்கிய சில மாதத்திலேயே அதிலிருந்து விலகியது, ஒடிசா 2025இல்தான் சேர்ந்தது. பக்கத்துப் பக்கத்து மெஷினில் நிற்கும் இரண்டு பையன்களில் பீகார்க்காரனுக்கு உண்டு, ஒடிசாக்காரனுக்கு ஏழு வருடம் இல்லை. இரண்டு பேர் கையும் ஒரே பிரஸ்ஸுக்குக் கீழேதான் போய் வருகிறது.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, இப்போது இல்லாத ஒன்று. 2008இல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்த்ய பீமா திட்டம். வருடத்துக்கு 30,000 ரூபாய் வைத்தியம், பதிவுக் கட்டணம் 30 ரூபாய், ஒரு அட்டையில் ஐந்து பேர். தொகை இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதில் ஒரு வசதி: புலம்பெயர்ந்து வேலைக்குப் போகிறவர் அட்டையை இரண்டாகப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். தொகையில் ஒரு பங்கு அவரோடு வேலையூருக்குப் போகும், மிச்சம் குடும்பத்தோடு ஊரில் இருக்கும். குடும்பம் இரண்டு ஊரில் இருக்கும், இரண்டு ஊரிலும் காய்ச்சல் வரும் என்று ஒரு அரசு ஆவணம் ஒப்புக்கொண்டிருந்தது. இஎஸ்ஐ-யும் பிறகு பஹ்சான் அட்டை கொடுத்தபோது தொழிலாளிக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று இரண்டாகக் கொடுத்தது. பூந்தமல்லிச் சிப்பாயின் மனைவிக்குத் துறைமுகத்தில் சீட்டுக் குலுக்கியதிலிருந்து இங்கே வந்து சேர நூற்றைம்பது வருடத்துக்குமேல் ஆகியிருக்கிறது.

அட்டையே கேட்காத இடம் என்றால் கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி, ஆவடி அரசு ஆஸ்பத்திரி. பெயர், வயது, எந்த ஊர் என்று கேட்டு ஒரு சீட்டு எழுதித் தருவார்கள். போர் கமிட்டியின் பழைய காகிதத்துக்கு மிக அருகில் இருப்பது அந்தச் சீட்டுதான். தனியார் ஆஸ்பத்திரியிலும் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் யாருக்கும் அட்டை வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்டவர் எந்த மாநிலம், எந்த நாடு என்றாலும் முதல் 48 மணி நேரம் பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில் அரசே பார்க்கும். பூந்தமல்லி ஹைரோட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்துச் சைக்கிளில் வருகிற பையனுக்கும், காரில் வருகிற எனக்கும் அந்த இரண்டு நாள் ஒன்றுதான்.

நாற்பத்தொன்பதாவது மணியில் வார்டுக்கு ஒருவர் வருவார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதில் தொடரலாம். இல்லையென்றால் உடம்பு தாங்கும்போது அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம், அல்லது கையிலிருந்து கட்டி இங்கேயே இருக்கலாம். எது என்று கேட்பார். பெரும்பாலும் பதில் சொல்வது படுக்கையில் இருப்பவராக இருக்காது. ரயிலில் முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டு, டவர் கிடைக்கும் ஸ்டேஷனில் போனை எடுக்கும் அண்ணனோ மாமாவோதான் சொல்ல வேண்டியிருக்கும்.